தாத்தா கட்டிய வீட்டை இடிக்காமல் புதுப்பிப்பது எப்படி? சித்தூர், திருப்பதி வீடுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பலருக்கு இந்த போன் ஒரு தடவையாவது வந்திருக்கும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஊரிலிருந்து பெரியப்பா கூப்பிடுவார். "கூடத்துல ஒழுகுதுப்பா. மேஸ்திரி வந்து பாத்தாரு. ரிப்பேர் பண்ணா காசுதான் வேஸ்ட், மொத்தமா இடிச்சிட்டு ஆர்சிசி போட்டுடலாம்னு சொல்றாரு. நீ என்ன சொல்ற?"

நாம் மீட்டிங்கில் இருப்போம். "நீங்களே பாத்துக்கோங்க பெரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். எண்பது, நூறு வருடம் நின்ற வீட்டின் கதை பல குடும்பங்களில் இப்படி மூன்று நிமிடப் பேச்சில் முடிந்துவிடுகிறது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பூர்வீக வீடு உள்ளவர்களுக்கான விளக்கம் இது. வேலூர், ஆற்காடு, திருத்தணி பக்கம் வீடு இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். இடிக்காமல் சரி செய்ய முடியுமா என்றால், பல வீடுகளில் முடியும். ஆனால் எந்தப் பொருளை வைத்துச் சரி செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வீடு அடுத்த முப்பது வருடம் நிற்கிறதா, மூன்று வருடத்தில் மறுபடி உரிகிறதா என்பது முடிவாகிறது.

இவை என்ன வகை வீடுகள்?

சித்தூர் ஊர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை மதராஸோடு இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையை மாற்றியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. வரைபடத்தில் கோடு இத்தனை முறை மாறியும், வீடு கட்டும் முறை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. பெயர்தான் வேறு. நாம் திண்ணை என்பதை அங்கே அருகு என்பார்கள். ஓட்டு வீடு அங்கே பெங்குட்டில்லு. வடஆர்க்காட்டுக்காரர்கள் மெத்தை வீடு என்று சொல்வது தெலுங்கில் மித்தெ.

பொதுவாக மூன்று வகை பார்க்கலாம். மரச்சட்டத்தின் மேல் நாட்டு ஓடோ மங்களூர் ஓடோ போட்ட வீடு. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தட்டையான கூரை, அதாவது 'மெட்ராஸ் டெரஸ்' போட்ட மெத்தை வீடு. மேற்கே போகப் போக, கருங்கல்லும் மண்ணும் சேர்த்து எழுப்பிய சுவரில் மண் கூரை போட்ட வீடு. மூன்றுக்கும் பொதுவானது சுவர். ஒன்றரை அடி, சில இடங்களில் இரண்டு அடி தடிமன். உள்ளே செங்கல் அல்லது கருங்கல், இடையில் சுண்ணாம்புக் காரை அல்லது வெறும் மண், மேலே சுண்ணாம்புப் பூச்சு. சிமென்ட் என்ற சாமானே அதில் கிடையாது. பின்னால் வரும் எல்லா சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏன் இவ்வளவு வேகமாகக் காணாமல் போகின்றன?

திருப்பதியில் காரணம் வெளிப்படை. கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் ஒரு வீட்டை இடித்து லாட்ஜ் கட்டினால் வாடகை பேசும் மொழியே வேறு. மேலே திருமலையில் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. மாடவீதிகளை அகலமாக்கும் மாஸ்டர் பிளானில் அங்கிருந்த பழைய வீடுகளும் கடைகளும் போயின. கோயிலுக்கு எதிரே நின்ற, 15ஆம் நூற்றாண்டின் ஆயிரங்கால் மண்டபம் 2003இல் பிரித்து எடுக்கப்பட்டது. பிரித்த தூண்களை மறுபடி நிறுத்துவது பற்றிய பேச்சு பல வருடங்கள் நீண்டது. கூட்டம் பெருகும்போது இடம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்நூறு வருட மண்டபத்துக்கே அந்தக் கதி என்றால், யாருடைய பட்டியலிலும் இல்லாத உங்கள் தாத்தா வீட்டைக் காப்பாற்ற வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தூர், நகரி, புத்தூர், பலமனேர் போன்ற ஊர்களில் லாட்ஜ் அழுத்தம் அவ்வளவு இல்லை. அங்கே வீட்டை முடிப்பது ரிப்பேர்.

சிமென்ட் பூசினால் என்ன தப்பு?

பழைய வீடுகளில் தரைமட்டத்தில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. அடித்தளத்திலிருந்து ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, சுவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். அதனால் சுவரின் அடியில் ஒரு முழம் உயரத்துக்கு லேசாக நிறம் மாறியிருக்கும், அவ்வளவுதான். வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்தது அழகுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தேய்ந்துபோன மேல்தோலைப் புதுப்பிக்கும் வேலையும் அதுதான்.

இப்போது அந்த இடத்தில் சிமென்ட் பூசுகிறார்கள். பூசிய முதல் வருடம் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஏறும் ஈரம் நிற்பதில்லை. வெளியேற வழி அடைபட்டதால் இன்னும் மேலே ஏறுகிறது. முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்பு உயரத்துக்குப் போகும். ஈரத்தோடு வரும் உப்பு, சிமென்டுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளும். பிறகு பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சிமென்ட் அந்தக் கால நாட்டுச் செங்கல்லை விடக் கெட்டியானது என்பதால் தோற்பது எப்போதும் செங்கல்தான்.

அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. "போன தடவ கலவை சரியில்ல சார்" என்று சொல்லி இன்னும் கூடுதல் சிமென்ட், வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல், மேலே பிளாஸ்டிக் எமல்ஷன். தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸ். தரை வழியாகப் போன ஈரமும் அடைபட்டு சுவருக்கே வந்து சேரும். இப்படி இரண்டு மூன்று சுற்று முடிந்ததும், "பாத்தீங்களா, சுவரே போச்சு, இடிச்சிடலாம்" என்பார்கள். அந்த நிலையில் அவர் சொல்வது சில நேரம் உண்மையாகவும் இருக்கும்.

சுண்ணாம்பு தாங்குமா என்று வீட்டில் கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சந்திரகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். திருப்பதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். விஜயநகர காலத்து ராஜா மஹால் கல், செங்கல், சுண்ணாம்புக் காரை இவற்றால் எழும்பியது. தளங்களைத் தாங்க மரமே பயன்படுத்தவில்லை. இன்று அதுவே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

சரி, ஏற்கெனவே சிமென்ட் பூசியாகிவிட்டது. இப்ப என்ன பண்றது?

முதலில் உங்கள் சுவரில் இருப்பது என்ன பூச்சு என்று பாருங்கள். பெயின்ட் இல்லாத இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சுண்ணாம்பு சட்டென்று குடித்துவிடும். சிமென்டில் வழிந்து ஓடும். ஆணியால் கீறினால் சுண்ணாம்பு மாவாக உதிரும். சிமென்ட் கோடு மட்டும் விழும்.

ஓதம் உள்ள இடத்தில், அதற்கு மேல் இன்னும் இரண்டு அடி வரை சிமென்டைக் கவனமாகச் செதுக்கி எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியும் போதும். கல் இடுக்குகளில் உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு, சுவரை அப்படியே காய விட வேண்டும். ஒரு கோடை முழுக்க விட்டாலும் தப்பில்லை. வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. கடையில் வெள்ளையடிக்க விற்கும் மலிவான பாக்கெட் தூள் இதற்கு ஆகாது. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐஎஸ் 712 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. எந்த வேலைக்கு எந்த வகை என்று அதில் பிரித்திருக்கிறார்கள். சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி, தொட்டியில் குறைந்தது சில வாரம் ஊறவைத்து, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்துப் பயன்படுத்துவதே பழைய முறை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல் என்பது வழக்கமான கணக்கு. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது வெறும் நம்பிக்கை அல்ல. கலவை இழைவாகப் பரவவும், மெதுவாக இறுகி வெடிப்பு குறையவும் அவை உதவுகின்றன. செட்டிநாட்டில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகு ஏற்றுவார்கள். உங்கள் பின்கட்டுச் சுவருக்கு அந்த ஆடம்பரம் தேவையில்லை.

பூச்சை மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகிய பின் அடுத்தது என்று போட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாவதால் இறுகுகிறது. அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். சித்திரை வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இந்த வேலையைத் தொடக்கூடாது. தை, மாசி நல்ல காலம். மேலே சுண்ணாம்பு வெள்ளை, அல்லது ஈரத்தை வெளியே விடும் சிலிகேட் வகை பெயின்ட். எமல்ஷன் அடித்தால் செய்த வேலை முழுக்க வீண்.

ஆள் கிடைப்பது கஷ்டம், நிஜம்தான். கோயில் திருப்பணி செய்யும் குழுக்களிலும், செட்டிநாடு, பாண்டிச்சேரி பக்கத்திலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு வாரம் வரவழைத்து, உள்ளூர் மேஸ்திரியைக் கூட நிறுத்திக் கற்றுக்கொள்ளச் செய்வது நல்ல வழி. அடுத்த வருடம் ரிப்பேருக்கு வரப்போவது உள்ளூர்க்காரர்தானே.

கூரையைக் கழற்றி ஆர்சிசி போட்டால்?

ஓட்டு வீட்டுக்காரர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடை. மங்களூர் ஓடு, ரீப்பர் எல்லாம் சேர்த்தே அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மண்ணைக் கலவையாக வைத்துக் கட்டிய சுவர் மேல் திடீரென்று ஐந்து மடங்கு பாரத்தை ஏற்றுகிறோம். வெயிலில் நீண்டு, இரவில் சுருங்கும் கான்கிரீட் பலகை கூடவே சுவரின் தலையையும் இழுக்கும். கூரைக்குக் கீழே ஓடும் கிடைக்கோட்டு விரிசல் பெரும்பாலும் அப்படி வருவது. அப்புறம் வெக்கை. மே மாதம் அந்த அறையில் படுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஓட்டுக் கூரையை ரிப்பேர் செய்வது எளிது. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியதிலிருந்து இந்த ஓடுகளின் பெரிய வசதியே, உடைந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதுதான். ஒரு விஷயம் மட்டும் கவனம். ஓட்டின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அளவும் கவ்வும் வரிப்பள்ளமும் கொஞ்சம் மாறும். உங்கள் ஓட்டின் போட்டோவோடு, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடங்களில் தேடினால் ஜோடி கிடைக்கும். கிடைக்காவிட்டால் வீட்டின் பின்சரிவு ஓடுகளை முன்பக்கத்துக்கு மாற்றி, பின்னால் புதியதைப் போடுங்கள். தெருவிலிருந்து பார்க்கும் தோற்றம் கெடாது.

மெட்ராஸ் டெரஸ் கொஞ்சம் நுணுக்கம். ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சின்னச் சின்ன தளச் செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று நான்கு அங்குலத் தளம். கூலிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கியது அதுதான். எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு.

இது ஒழுகத் தொடங்குவது கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மூன்று இடங்களில்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய், அரசமரக் கன்று முளைத்த விரிசல். அந்த மூலையை மட்டும் பிரித்துச் சரி செய்ய வேண்டியதற்கு, மாடி முழுக்க இரண்டு அங்குல சிமென்ட் ஜல்லி கொட்டுவார்கள். கீழே தேக்குக் கட்டை ஏற்கெனவே சுவருக்குள் செருகிய முனையில் இற்றுப்போயிருந்தால், அந்தக் கூடுதல் பாரம்தான் கடைசி அடி.

கட்டையின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகவே தெரியும். முனையைப் பாருங்கள். சுவரோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால், நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. இற்றதில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். இருபது கட்டையில் மூன்று இற்றிருந்தால் மூன்றை மாற்றினால் போதும். முனை மட்டும் போயிருந்தால் இரும்புத் தகடு வைத்துப் புது மரத்தோடு இணைக்கலாம். அரசமரக் கன்றைப் பிடுங்கி இழுக்காதீர்கள், வேர் செங்கல்லோடு வரும். வெட்டி, வேரை மருந்து வைத்துக் கொன்று, காய்ந்த பிறகு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

மாடி எடுக்கணும் என்ற ஆசை இருந்தால், பழைய சுவரின் மேல் வேண்டாம். பின்பக்கம் காலி இடத்தில் தனித் தூண் நிறுத்திப் புதுக் கட்டு எழுப்பி, பழைய வீட்டோடு ஒரு நடையால் இணைத்துக்கொள்ளலாம்.

எந்த வேலையை முதலில் செய்வது?

தண்ணீர். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி மழையில் மண் சுவர்கள் விழுவது பெரும்பாலும் மேலிருந்து அல்ல, அடியில் தண்ணீர் தேங்கி நின்றதால். தெருவுக்குத் தார் மேல் தார் போட்டு உயர்த்தியதில் பல பழைய வீடுகளின் தரை இப்போது தெருவை விடப் பள்ளத்தில் இருக்கிறது. சுவரைச் சுற்றி ஒரு வாய்க்கால், கூரைத் தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளி விழ ஒரு பீலி, பின்கட்டில் வழிந்தோட வழி. இதற்கு ஆகும் செலவு மொத்தத்தில் சின்னது. ஆனால் போட்டோவில் தெரியாது என்பதால் யாரும் முதலில் செய்வதில்லை.

அடுத்து கூரை, பிறகு சுவர், பிறகு வயரிங், தரையும் வண்ணமும் கடைசியில். தலைகீழாகச் செய்தவர்கள் புது டைல்ஸ் மேல் பக்கெட் வைத்து ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கிறார்கள்.

விரிசல் இருந்தால் இடித்தே ஆக வேண்டுமா?

எல்லா விரிசலும் ஒன்றல்ல. பல வருடமாக அப்படியே இருப்பது ஒரு வகை, வளர்வது இன்னொரு வகை. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைக் காரை வைத்து ஒட்டுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்தே ஆக வேண்டும்.

இதில் அலட்சியம் கூடாது. ஸ்ரீகாளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்து விழுந்தது. அதற்கு முன்பே அதில் விரிசல் இருந்தது ஊருக்கே தெரியும். பழசு எல்லாம் பலம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும், பழசு எல்லாம் ஆபத்து என்று இடிப்பதும் ஒரே சோம்பல்தான், பார்க்காமல் முடிவெடுப்பது. சுவர் செங்குத்திலிருந்து வெளியே சாய்ந்திருந்தால், மூலைகள் பிரிந்து வாய் திறந்திருந்தால், அந்தப் பகுதியில் ஆட்களைத் தங்க விடாதீர்கள். பிரித்துக் கட்டத்தான் வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னால் அந்தச் சுவரை மட்டும் பிரிக்கலாமா என்று கேளுங்கள்.

பாத்ரூம், ஏசி, வைஃபை எல்லாம் வேணுமே?

வேண்டும்தான். அட்டாச்டு பாத்ரூம் இல்லாத வீட்டுக்குக் குழந்தைகள் வர மாட்டார்கள், வயதானவர்களுக்கு இரவில் பின்கட்டுக்கு நடப்பது ஆபத்து. ஆனால் பழைய சுவரை வெட்டிக் குழாய் பதித்தால் உள்ளே எப்போதும் ஒரு கசிவு இருக்கும். பழைய சுவரிலிருந்து கையளவு இடைவெளி விட்டு, பின்பக்கம் புதிதாக ஒரு தனிக் கட்டு எழுப்பி, இருக்கும் ஒரு ஜன்னலைக் கதவாக்கி இணைப்பதே நல்லது. எதிர்காலத்தில் கசிந்தாலும் அந்தக் கட்டோடு போகும்.

வயரிங்கைப் பழையது புதியது என்று கலக்காமல் மொத்தமாக மாற்றுங்கள். எர்த்திங், ஆர்சிசிபி கட்டாயம். சுவரைக் காடி வெட்டாமல், அந்தக் காலத்து மரப்பட்டி போல வெளியே ஓடும் குழாயில் கொண்டுபோகலாம். ஏசி ஒரு படுக்கையறைக்குப் போதும். ஃபால்ஸ் சீலிங் போட்டுத் தேக்குக் கட்டைகளை மூடாதீர்கள். கரையான் வந்தால் கட்டை விழும்போதுதான் தெரியும்.

முற்றத்தைப் பாலிகார்பனேட் போட்டு மூடுவது இப்போது ஃபேஷன். திருப்பதிப் பக்கம் அதற்கு அழகை விட வலுவான காரணம் இருக்கிறது: குரங்கு. கம்பி வலை போட்டுக்கொள்ளுங்கள். மூடியே ஆக வேண்டும் என்றால் சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்குக் காற்று போக வழி விட்டு மூடுங்கள். வீட்டின் சூடான காற்று வெளியேறும் புகைபோக்கியே அந்த முற்றம்தான்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. என் பட்டியலில் முதலில் வருவது வீட்டின் அளவுகள்: கூடத்தின் உயரம், திண்ணை, வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் கதவுகள். அப்புறம்தான் தூணும் கதவும். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்துவிட்டு, உள்ளே பழைய கதவை சோபாவுக்குப் பின்னால் ஷோபீஸாக மாட்டுவது புதுப்பித்தல் கணக்கில் வராது.

கதவு, தூண்களை 'பழைய மரம்' என்று எடைக்கு விற்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இதே மாதிரி கதவுகளுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று ஒருமுறை நடந்து பார்த்தால் புரியும். சேஷாசலம் காடு பக்கத்தில் இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை. இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் செம்மரத்தை வீட்டுக் கால்களாக நிறுத்தும் வழக்கம் இருந்தது. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கழற்றி வண்டியில் ஏற்றும் எண்ணம் வந்தால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் பேசுங்கள்.

சிவப்பு ஆக்சைடு தரை நன்றாக இருந்தால் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் துணியும் போதும். வெடித்த இடத்தை அதே நிறத்தில் ஒட்டுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துக் கடப்பா கல் போடுவது நாணயமான வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

சுண்ணாம்பு அடிப்பது, ஓடு மாற்றுவது போன்ற சில்லறை வேலைக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி கேட்க மாட்டார்கள். கூரை வகையை மாற்றுவது, தாங்கு சுவரை எடுப்பது, புதுக் கட்டு சேர்ப்பது எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். நகராட்சியோ, ஊராட்சியோ, திருப்பதி அல்லது சித்தூர் நகர்ப்புற மேம்பாட்டு ஆணையமோ, உங்கள் இடம் யாருடைய எல்லையில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். சாலை விரிவாக்கக் கோடு உங்கள் திண்ணை மேல் ஓடுகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வீடு சந்திரகிரி, ஸ்ரீநிவாச மங்காபுரம், குடிமல்லம் போன்ற ஊர்களில் இருந்தால் கூடுதல் கவனம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010இல் திருத்திய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தடைப் பகுதியில் புதுக் கட்டுமானம் கூடாது. ஆனால் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். இங்கே ஒரு வேடிக்கை கவனியுங்கள். இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவது இந்தச் சட்டத்தின் கண்ணில் 'புதுப்பித்தல்' ஆகாது. இடித்த பிறகு விதி தெரியவந்தால் வீடும் இல்லை, கட்டவும் முடியாது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அத்தைகளிடம் கேட்டீர்களா?

சுண்ணாம்பை விடக் கடினமான விஷயம் இது. பூர்வீக வீட்டில் பங்கு யாருக்கெல்லாம் என்று தெளிவாகாமல் செலவு செய்யத் தொடங்கினால் பாதியில் நிற்கும். மத்திய சட்டம் 2005இல்தான் மகள்களுக்குப் பிறப்பால் பங்கு கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆந்திரத்தில் 1985 செப்டம்பர் 5 முதலே, அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. ஆகவே "அத்தைங்க எல்லாம் கையெழுத்து போட்டுடுவாங்க" என்று தாங்களாக முடிவு செய்யாமல் நேரில் போய்ப் பேசுங்கள். யார் எவ்வளவு போடுகிறார்கள், பின்னால் விற்றால் அது எப்படிக் கணக்காகும் என்று ஒரு பக்கமாவது எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். சில குடும்பங்களில் அத்தைகள்தான் "இடிக்காதீங்கடா" என்று முதலில் சொல்பவர்களாகவும் இருப்பார்கள்.

கடன் வாங்கினால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, தாங்களே குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. பெரிய தொகை இல்லை. ஒரே வருடத்தில் எல்லாம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தை விட்டு, இந்த வருடம் கூரை, அடுத்த வருடம் சுவர் என்று பிரித்துச் செய்பவர்களுக்குத்தான் இந்த வேலை கட்டுப்படியாகும். சுண்ணாம்புக்கும் அந்த வேகம்தான் பிடிக்கும்.

இதையெல்லாம் ஒரு தெருவாகச் சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பாண்டிச்சேரிக்குப் போகலாம். தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், தெருவோரத் தாழ்வாரங்களையும் திண்ணைகளையும் இன்டாக் அமைப்பும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து சீரமைத்தார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அரண்மனை எதுவும் அங்கே இல்லை, ஆட்கள் வசிக்கும் சாதாரண வீடுகள்தான். தொழில்நுட்பம் படிக்க விரும்புபவர்களுக்கு மத்தியப் பொதுப்பணித் துறை 2013இல் வெளியிட்ட மரபுக் கட்டடப் பாதுகாப்புக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் இன்ஜினியருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

அடுத்த தடவை பெரியப்பா போன் செய்தால், முடிவு சொல்ல ஒரு வாரம் கேளுங்கள். மழை பெய்யும் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மாடி மூலைகளில் தண்ணீர் எங்கே நிற்கிறது, கட்டை முனைகள் எப்படி இருக்கின்றன, ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும் போட்டோ எடுங்கள். மேஸ்திரியையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று அவர் விரலால் காட்டும்போது, இடிக்க வேண்டியது ஒரு வீடா, ஒரு மூலையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.